காலைச் சமத்தில் வையுங்கள்: லூப்பரோடு மேடையேறும் கிடார் கலைஞர்களுக்கு

ரிசப்ஷன், கஃபே, காலேஜ் கல்ச்சுரல்ஸ் என்று லூப்பர் பெடலோடு தனியாளாக வாசிப்பவர்கள் இப்போது நிறைய. காலால் மிதித்தால் வாசித்ததைப் பதிவுசெய்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் கருவி அது; அந்தச் சுற்றுதான் லூப், அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பவை அடுக்குகள். மிக்ஸரில் உட்காரும் எங்கள் காதில் வாராவாரம் அதே தவறு விழுகிறது. லூப் ஒரு சுற்று முடிந்து திரும்பும்போது தாளம் இடறுகிறது. வாசித்தவர் மேடையில் தன் பக்கம் திரும்பியிருக்கும் ஸ்பீக்கரை, அதாவது மானிட்டரை முறைக்கிறார். கோளாறு மானிட்டரில் இல்லை, காலில்.

பெடலே தாளத்தைச் சரிசெய்துகொள்ளும் என்ற நம்பிக்கையை முதலில் விடுங்கள். செய்யாது. முதல் மிதிக்கும் இரண்டாவது மிதிக்கும் நடுவே எவ்வளவு நேரமோ, அதுதான் லூப்பின் நீளம். மிதியைத் தாளத்துக்கு நகர்த்திப் பொருத்தும் ‘குவான்டைஸ்’ வசதி உள்ள பெடலிலும் உள்ளே ரிதமோ கிளிக்கோ ஓடினால்தான் பெரும்பாலும் பலன். ஆதி தாளம் போட்டுப் பாருங்கள். எட்டாவது எண்ணிக்கை விழுந்த இடத்தில் ஆவர்த்தனம் முடிவதில்லை. அந்த எண்ணிக்கையும் முழுசாக ஓடி, அடுத்த தட்டில்தான் முடிகிறது. இரண்டாவது மிதி அந்தத் தட்டில், அதாவது அடுத்த ஆவர்த்தனம் தொடங்கும் சமத்தில் விழ வேண்டும். கடைசி ஸ்வரம் வாசித்த கையோடு மிதித்தால் ஏழரை எண்ணிக்கையில் லூப் மூடிக்கொள்ளும். 100 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 100 எண்ணிக்கை) எட்டு எண்ணிக்கை 4.8 நொடி. ஒரு 0.1 நொடி பிசகினாலும் நாலு நிமிடப் பாட்டில் சுமார் 50 முறை அதே இடறல். மேடைக்குப் போடும் அதே ஷூவோடு பழகுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லும் மேடையென்றால் வெறுங்காலோடு.

அடுத்தது நீளம். 80 பிபிஎம்மில், பாருக்கு நாலு எண்ணிக்கை என்றால், எட்டு பார் 24 நொடி. ஐந்து அடுக்கு போட்டு முடிக்க இரண்டு நிமிடம். அதற்குள் கூட்டம் பேச்சில் இறங்கிவிடும். பொதுவான ரசிகர் கூட்டத்துக்கு இரண்டு பார், மூன்று அடுக்கு தாராளம். ஒவ்வோர் அடுக்கையும் அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். 2004-ல் பிபிசியில் ஜூல்ஸ் ஹாலண்டின் நிகழ்ச்சியில் ஸ்காட்லாந்துப் பாடகி கேட்டி டன்ஸ்டல், அகாய் ஹெட்ரஷ் என்ற லூப்பர் பெடலோடு தனியாக வந்து அத்தனை பேரைக் கட்டிப்போட்டது அப்படித்தான். தலைகுனிந்து பெடலையே பார்த்துக்கொண்டிருந்தால் ‘டிராக் போட்டுட்டான்’ என்றுதான் சொல்வார்கள்.

ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல், கிடாரிலிருந்து வரும் வரிசையில் லூப்பருக்கு முன்னால் இருக்கட்டும். பின்னால் வைத்தால் எல்லா அடுக்கும் ஒன்றாக நசுங்கிக் கூழாகும். அக்கூஸ்டிக் கிடாருக்கு முன்னால் மைக் வைத்து லூப் செய்யாதீர்கள். ஸ்பீக்கரில் வரும் லூப்பையே மைக் மறுபடி பிடித்து அடுத்த அடுக்கில் சேர்த்துவிடும். கிடாரிலேயே பொருத்திய பிக்கப் போதும்.

சம அளவுள்ள நாலு அடுக்கு சேர்ந்தால் ஒற்றை அடுக்கைவிட சுமார் 6 டெசிபெல் கூடும். அப்புறம் சோலோ கேட்கவில்லை என்று எங்களிடம் கை காட்டிப் பயனில்லை. அடுக்கு ஏற ஏற சத்தம் குறைத்து வாசியுங்கள்; கார்டை ஏழாவது ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோய்த் தடித்த கம்பிகளை பேஸ் அடுக்குக்கு விட்டுவிடுங்கள். பாட்டில் நீங்கள் வாசிக்காத இடத்திலும் கிடாரின் வால்யூம் திறந்தே இருந்தால் அந்த ‘ம்ம்ம்’ இரைச்சலும் லூப்பில் பதிவாகி, அடுக்குக்கு அடுக்கு தடிக்கும். வாசிக்காதபோது சுண்டுவிரலால் குமிழைச் சுழற்றி மூடுகிற பழக்கம் வேண்டும். ஒரே அடாப்டரில் எல்லாப் பெடலையும் கோக்காதீர்கள். லூப்பருக்குத் தனி சப்ளை. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் லூப் அறுந்துவிடும். பேட்டரியில் ஓடுகிற பெடலென்றால் பேட்டரியில் ஓட்டுங்கள்.

கடைசியாக, தயவுசெய்து சவுண்ட் செக்கில் ஒரு ஸ்ட்ரம் அடித்துவிட்டு ‘ஓகே’ சொல்லாதீர்கள். எல்லா அடுக்கையும் போட்டு, மேலே பாடி, சோலோவும் வாசித்துக் காட்டுங்கள். மூன்று நிமிடம்தான்.