‘கெளம்பிட்டனுங்க’ என்றால் எங்கே இருக்கிறீர்கள்?

விமானிப் பயிற்சிக்கும் விமான நிலைய வேலைக்கும் தயாராகும் பிள்ளைகளுக்கு, பீளமேட்டில் பன்னிரண்டு வருடமாக ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அன்னூர், சூலூர், பல்லடம் பக்கமிருந்து வருகிறவர்கள்தான் அதிகம். புதுச் சொற்களைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். எனக்குப் பயமெல்லாம், ஏற்கெனவே தெரியும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் சொற்களைப் பற்றித்தான்.

நம்ம ஊரில் போன் போட்டால் "கெளம்பிட்டனுங்க" என்பார்கள். வீட்டில் சட்டை மாட்டிக்கொண்டிருக்கலாம், பாதி வழி வந்திருக்கலாம். கேட்பவருக்கும் அது பழக்கம், அதனால் நஷ்டமில்லை. ஓடுபாதையில் அப்படி முடியாது. 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரீஃப் தீவில் மூடுபனி. நெதர்லாந்து விமானத்திலிருந்து "வீ ஆர் நவ் அட் டேக் ஆஃப்" என்று வானொலியில் சொன்னார்கள். விமானம் அப்போது ஓடத் தொடங்கியிருந்தது. புறப்படத் தயாராக நிற்கிறது என்று கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் புரிந்துகொண்டார். அதே ஓடுபாதையில் இன்னொரு போயிங் 747 வந்துகொண்டிருந்தது. 583 பேர் இறந்தார்கள். மூடுபனி, அவசரம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசியதில் அமுங்கிப்போன குரல் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அந்தச் சின்ன ‘அட்’டை நான் சும்மா விடுவதில்லை, ஒரு வகுப்பு முழுக்க அதற்கே போகும். இப்போது மேலெழும்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே ‘டேக் ஆஃப்’ என்று சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’தான்.

அப்புறம், நம் மரியாதை. 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் இறங்க வந்த கொலம்பிய விமானம் வெகுநேரம் வானிலேயே காத்திருந்தது. எரிபொருள் தீர்கிறது என்றார்கள், ‘பிரியாரிட்டி’ கேட்டார்கள். ‘எமர்ஜென்சி’ என்று மட்டும் சொல்லவில்லை. விமானம் விழுந்து 73 பேர் இறந்தார்கள். "கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க" என்று கேட்டுப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கம் நன்றாகவே புரிகிறது. உயிருக்கே ஆபத்து என்று வானொலியில் அறிவிக்கும் ‘மேடே, மேடே, மேடே’ என்ற அழைப்பை உரக்கச் சொல்லச் சொன்னால் முதல் வாரம் குரலே எழும்பாது. விடமாட்டேன், எழும்பும் வரை சொல்ல வைப்பேன்.

பெற்றோருக்கு ஒன்று: ஒரு சொல்லுக்கு ஒரே தமிழ் அர்த்தம் போட்ட பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அதில் ‘ஹைட்’, ‘ஆல்டிட்யூட்’ இரண்டுக்குமே ‘உயரம்’ என்றுதான் இருக்கும். விமானத்தில் முதலாவது தரையிலிருந்து, இரண்டாவது சராசரிக் கடல் மட்டத்திலிருந்து. கோவை விமான நிலையமே கடல் மட்டத்துக்குச் சுமார் 1,300 அடி மேலே இருக்கிறது. அதற்கு நேர் மேலே ஆல்டிட்யூட் 3,300 அடி என்றால் ஹைட் எவ்வளவு? இதைப் படம் போட்டு, கணக்குப் பார்த்து, 2,000 என்று சொன்ன பிறகுதான் எங்கள் வகுப்பில் அடுத்த சொல்.