தாய்லாந்தின் 30 பாத் வைத்தியம்: யாருக்கு, எப்படி, யார் பணத்தில்?

தாய்லாந்தில் அரசு ஊழியருக்கும் அவர் குடும்பத்துக்கும் தனி மருத்துவத் திட்டம் உண்டு. கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்குபவருக்குச் சமூகப் பாதுகாப்பு நிதி உண்டு. இரண்டிலும் வராத விவசாயி, தள்ளுவண்டிக்காரர், வீட்டுவேலை செய்பவர் ஆகியோருக்காக 2002-இல் சட்டமாக வந்ததுதான் 30 பாத் திட்டம். ஒரு முறை சிகிச்சைக்கு 30 பாத் (பாத் என்பது தாய்லாந்து நாணயம்) கட்டினால் போதும் என்பது தொடக்கத்து ஏற்பாடு. நாட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் இதில்தான் இருக்கிறார்கள். அங்கே இதைத் தங்க அட்டை என்கிறார்கள்.

தாய்லாந்துக் குடிமகனாக இருக்க வேண்டும், மற்ற இரண்டு திட்டங்களிலும் இருக்கக் கூடாது. தகுதி அவ்வளவுதான். வருமானச் சான்று கேட்பதில்லை, சந்தாவும் இல்லை. செலவு முழுக்க வரிப்பணம்.

2001 தேர்தலில் அரசியல் தலைவர் தக்சின் சினவத்ரா, 'எல்லா நோய்க்கும் 30 பாத்' என்று சொல்லி ஓட்டுக் கேட்டு ஜெயித்தார். ஆனால் யோசனை அவருடையது இல்லை. சீசாகெட் மாகாணத்துக் கிராமப்புற மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர் சங்குவான் நித்தயாரம்பொங்கும் அவருடைய சகாக்களும் அதற்கு முன்பே இதற்காக உழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த 30 பாத்தைக்கூட 2006 ராணுவப் புரட்சிக்குப் பின் வந்த அரசு எடுத்துவிட்டது. 2012-இல் திரும்பக் கொண்டுவந்தபோது, கட்ட விருப்பமில்லை என்பவர் கட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்! ஆக, 30 பாத் என்பது பெயரில்தான் முக்கியம்.

உண்மையான மாற்றம் மருத்துவமனைக்குப் பணம் போகும் வழியில் நடந்தது. சுகாதார அமைச்சகம் மருத்துவமனைகளை நடத்தும். பணத்தை வைத்திருப்பது தேசிய சுகாதாரப் பாதுகாப்பு அலுவலகம் என்ற தனி அமைப்பு. புறநோயாளி சிகிச்சைக்கு, பதிவு செய்த தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று வருஷத்துக்குப் பணம் தருகிறார்கள். தொடங்கியபோது மொத்தக் கணக்கு தலைக்கு 1,202 பாத். உள்நோயாளிக்கு நோய்வகைப்படி ஒரு தொகை, அதுவும் ஒதுக்கிய மொத்த நிதிக்குள்தான். நான்கு ஸ்கேன் கூடுதலாக எடுத்தால் நான்கு பில் கூடுதலாகப் போடலாம் என்ற கதை இங்கே நடக்காது. அரசு ஊழியர் திட்டத்தில் புறநோயாளி செலவை பில்படி கொடுத்தார்கள். அதனால் தலைக்கு ஆகும் செலவு அங்கே பல மடங்கு. சரி, 30 பாத் திட்டத்தில் வலியே இல்லையா? உண்டு. பல மாவட்ட மருத்துவமனைகள் கடனில் ஓடின. கூட்டம் கூடியது. டாக்டர்கள் தனியார் பக்கம் போனார்கள். கட்டணத்தைக் குறைத்துவிட்டு ஆளைக் கூட்டாவிட்டால் வேறென்ன நடக்கும்?

நோயாளி முதலில் போக வேண்டியிருந்தது பதிவு செய்த சுகாதார நிலையத்துக்கோ மாவட்ட மருத்துவமனைக்கோதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வேண்டும். விபத்து, அவசரம் தவிர, கடிதமில்லாமல் நேரே போனால் சொந்தக் காசு என்பதுதான் நெடுநாள் விதி. 2024 ஜனவரியில் 4 மாகாணங்களில் இதைத் தளர்த்தி, அடையாள அட்டையைக் காட்டி எங்கும் பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கினார்கள்.

தொடக்கத்தில் சிறுநீரக டயாலிசிஸ் சேரவில்லை, செலவுக்குப் பயந்தார்கள். 2008-இல் சேர்த்தபோது, வீட்டிலேயே வயிற்றுக்குழாய் வழியாகத் திரவம் மாற்றிக்கொள்ளும் முறைக்கே முதலிடம் என்று விதி வைத்தார்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை போல மாற்ற வேண்டிய திரவப் பைகளைத் தபால் துறையே வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறது. டயாலிசிஸ் மெஷின் இருக்கும் ஊர் வெகுதூரம் என்கிற கிராமத்தாருக்கு இது பெரிய விஷயம். 2022-இல் எந்த முறை வேண்டும் என்று நோயாளியே முடிவு செய்ய விட்டார்கள்.

அப்புறம், இந்தத் திட்டத்துக்கான சட்டத்தில் அதிகம் பேசப்படாத 41-ஆவது பிரிவு. சிகிச்சையில் பாதிப்பு வந்தால், டாக்டர் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே உதவித்தொகை கேட்கலாம். சாவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 4 லட்சம் பாத் வரை கிடைக்கும்.

மியான்மர், கம்போடியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்குத் தங்க அட்டை கிடையாது. சமூகப் பாதுகாப்பு நிதியில் சேராதவர்கள் ஆஸ்பத்திரியில் பணம் கட்டித் தனிக் காப்பீட்டு அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும்.