நிலைப்பொருளா, இடைப்பொருளா?

"உங்கள் கேமராவின் நிலைப்பொருளைத் தனிப்பயனாக்குங்கள்." கேனன் பவர்ஷாட் கேமராவில் சி.எச்.டி.கே. (CHDK) என்ற, கூடுதல் வசதிகளைத் தரும் நிரலைப் போட்டுப் பார்ப்பது பற்றிய ஒரு தமிழ் விளக்கம் இப்படித் தொடங்குகிறது. ஃபர்ம்வேருக்கு நிலைப்பொருள், கஸ்டம் என்பதற்குத் தனிப்பயனாக்கம் என்ற இந்த இரண்டு சொற்களையும் எத்தனையோ இடங்களில் பார்த்தாயிற்று. இரண்டுமே பொருந்தவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஃபர்ம்வேர் என்பது கருவிக்குள்ளேயே பதிந்திருந்து அதை இயக்கும் நிரல். பொத்தானை அமுக்கியதும் லென்ஸ் வெளியே வருவதும், சென்சாரில் விழுந்த ஒளி ஜேபெக் படமாவதும் அதன் வேலை. 1967-இல் டேட்டமேஷன் என்ற கணினி இதழில் ஆஷர் ஓப்ளர் என்பவர் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். ஹார்டுவேர் அளவுக்கு இறுகியதும் இல்லை, சாஃப்ட்வேர் அளவுக்கு இளகியதும் இல்லை, அதனால் ஃபர்ம், அதாவது உறுதியானது.

இதை நிலைப்பொருள் என்றால் யாருக்கும் நிலையான பொருள் என்றுதான் படும். ஓப்ளர் சொன்னதோ, மாற்றி எழுதக்கூடிய கட்டுப்பாட்டு நினைவகத்தில் ஏற்றும் நுண்நிரலை (மைக்ரோகோடை). பிறந்தபோதே மாறக்கூடியதாக இருந்த ஒன்றுக்கு நிலை எங்கிருந்து வந்தது? மின்சாரம் நின்றாலும் அழியாது, அதனால் நிலைப்பொருள் என்பார்கள். பென் டிரைவில் கிடக்கும் சினிமாவும்தான் அழியாது, அதுவும் நிலைப்பொருளா? படிக்க மட்டுமே முடிகிற ரோம் (ROM) சில்லில் ஒரேயடியாக எழுதிவிட்ட காலத்தில் ஓரளவு பொருந்தியிருக்கலாம். 2010-இல் பானசோனிக் ஜி.எச்.1 கேமராவின் ஃபர்ம்வேர் கோப்பையே ஆர்வலர்கள் திருத்தி, வீடியோவின் பிட் ரேட்டை, அதாவது ஒரு நொடிக்குப் பதிவாகும் தரவின் அளவைக் கூட்டிக்கொண்டார்கள். அப்புறமும் அது நிலைத்த பொருளா? உறுதிப்பொருள் என்று சொல்லிப் பார்க்கவும் வழியில்லை. அறம், பொருள், இன்பம், வீடு நான்கையும் குறிக்கும் பழைய சொல் அது.

நம் இலக்கணத்திலேயே விடை இருக்கிறது. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவர்கள் நாம். வன்பொருளும் மென்பொருளும் வழக்கில் நிலைத்துவிட்டன. மூன்றாவது இடைப்பொருள்தானே? கேட்டவுடன் மூன்றும் ஒரு குடும்பம் என்று புரிகிறது. மிடில்வேர் (middleware) என்ற இன்னொரு சொல்லோடு குழம்பும் என்று ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்புதான். ஆனால் மிடில்வேர் இரண்டு மென்பொருள்களுக்கு நடுவே நிற்கும் இன்னொரு மென்பொருள். அதை இடைநிலை மென்பொருள் என்று முழுசாகச் சொல்லிவிட்டால் தகராறு தீர்ந்தது.

சரி, தனிப்பயனாக்கம். கஸ்டம் என்ற சொல்லைக் கண்டாலே கை தானாக இதை எழுதிவிடுகிறது. ஒருவர் தன் தேவைக்கேற்ப மெனுவை மாற்றி அடுக்கினால் அது பொருந்தும். கஸ்டம் ஃபர்ம்வேர் அப்படி இல்லை. தயாரிப்பாளர் கொடுத்ததற்குப் பதிலாகப் பிறர் எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தது. மாற்று இடைப்பொருள் என்பதே சரி. அகராதியில் முதலில் கிடைத்த பொருளை ஒட்டிவிட்டு, கருவியைத் தொட்டே பார்க்காமல் மொழிபெயர்ப்பதால் வரும் வினை இது.

அதிலும் சி.எச்.டி.கே.க்கு இந்தப் பெயர்கூடச் செல்லாது. கேனன் எழுதிய ஃபர்ம்வேரை அது தொடுவதே இல்லை. மெமரி கார்டின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டைப் பூட்டிவிட்டுக் கேமராவை இயக்கினால், கார்டில் இருக்கும் கோப்பு தற்காலிக நினைவகத்தில் ஏறி, கேனனின் நிரலோடு சேர்ந்தே ஓடுகிறது. சாதாரண பாக்கெட் கேமராவில் ரா படம் (சென்சார் தரும் தரவை ஜேபெக் ஆக்காமல் அப்படியே வைப்பது) எடுக்கலாம், வரிக்குதிரைக் கோடுகளால் வெளிச்சம் மிஞ்சிய இடத்தைப் பார்க்கலாம், லுவா என்ற நிரல்மொழியில் ஸ்கிரிப்ட் எழுதி மின்னலைக்கூடப் பிடிக்கலாம். பூட்டைத் திறந்துவிட்டு மறுபடி இயக்கினால் பழைய கேமராதான். இதைத் துணைநிரல் என்று எழுதியிருந்தால் போதும். நிலைப்பொருளை மாற்றுகிறோம் என்று எழுதிவைத்தால், கேமரா கெட்டுப்போகும் என்று பயந்து தொடாமலே விட்டுவிடத்தான் தோன்றும்.