தைப்பூச இரவில் மங்கியிருந்த திருவாதிரை

2020 பிப்ரவரி 8, தைப்பூச இரவு. தண்ணீர்மலையிலிருந்து இறங்கும் வழியில், பத்து மணியளவில், படியோரம் ஒதுங்கி அண்ணாந்து பார்த்தேன். பினாங்கில் அந்த மாதம் அந்நேரத்தில் திருவாதிரை விண்மீன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். கிழக்கே முழுநிலவு ஏறியிருந்தது. கீழே தண்ணீர்ப் பந்தல்களின் விளக்குகள் வேறு. இத்தனை வெளிச்சத்திலும் கண்ணைப் பறிக்கும் சிவப்பு மீன் அது. அன்றோ பக்கத்து மீன்களோடு மீனாகக் கலந்து கிடந்தது.

மங்கிவிட்டது என்றால் போதாது, எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அதற்கு வெறும் கண்ணே போதும். விண்மீன்களின் ஒளித்தரம் பள்ளிக்கூட ராங்க் போன்றது. எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம். ஒரு தரம் கூடினால் ஒளி சுமார் இரண்டரை மடங்கு குறைந்துவிட்டது என்று பொருள். ரோகிணியின் தரம் ஏறக்குறைய 0.9. புனர்பூச இரட்டையரில் பிரகாசமான போலக்ஸ் 1.1. வேட்டைக்காரன் (ஓரியன்) விண்மீன் கூட்டத்தில் திருவாதிரைக்கு எதிர்த்தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸ் 1.6. இவைதாம் நம் எடைக்கற்கள். திருவாதிரை ரோகிணியைவிட மங்கலாகவும் பெல்லாட்ரிக்ஸைவிடப் பளிச்சென்றும் இருந்தால், அந்த இடைவெளியை மனத்துக்குள் ஏழு கூறாக்கிக்கொள்ளுங்கள். ரோகிணியிலிருந்து மூன்று கூறு தள்ளி என்று தோன்றினால் 1.2.

செந்நிற மீனை உற்றுப் பார்க்கக் கூடாது. பார்க்கப் பார்க்க அது பிரகாசமாவது போலக் கண் ஏமாற்றும். இதற்கு ஒரு பார்வை, அதற்கு ஒரு பார்வை என மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். அடிவானத்தில் இருக்கும் மீனோடு ஒப்பிடவும் கூடாது. கடல் ஈரம் ஏறிய நம் காற்று அதன் ஒளியைத் தின்றுவிடும்.

அன்று நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதியது 1.6. வழக்கமாக 0.5 அருகே இருக்கும் மீன் அது. ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. வெடிக்கப் போகிறதோ என்று உலகமே கேட்டது. வெடிக்கவில்லை, ஏப்ரலுக்குள் தேறிவிட்டது. அது உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி, நம் பார்வையை மறைத்திருந்தது என்பதுதான் பின்னர் ஆய்வாளர்கள் கண்ட விளக்கம். பல பத்தாண்டுகளாக எத்தனையோ பேர் கண்ணால் மதிப்பிட்டு எழுதி வைத்த எண்கள் இருந்ததால்தான், இப்படியொரு மங்கல் புதிது என்று உடனே சொல்ல முடிந்தது. அந்தக் குறிப்பேடுகளை நான் பெரிய செல்வமாக மதிக்கிறேன்.

உண்மையிலேயே வெடிக்கும் மீன் வேறு விதம். பெருமீனின் மையத்தில் இரும்பு சேர்ந்த பிறகு எரிக்க எதுவும் மிஞ்சாது. தாங்கும் அழுத்தம் போனதும் மையம் ஒரு வினாடிக்குள் இடிந்து விழுகிறது. மேலடுக்குகள் சிதறிப் பறக்கின்றன. 2023 மே 19 அன்று ஜப்பானின் கோயிச்சி இதாகாகி, 21 மில்லியன் ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்101 என்னும் விண்மீன் மண்டலத்தில் இப்படியொன்றைக் கண்டார். புதுப்புள்ளி தெரிந்தால் முதல் வேலை பழைய படத்தை எடுத்துப் பார்ப்பது. அடுத்து ஒரு மணி நேரம் காத்திருப்பது. நகர்ந்தால் அது சிறுகோள். நகராவிட்டால் அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்து நிறமாலை எடுக்கிறார்கள். அதன்பின் அதே எடைக்கல் வேலைதான்: படத்தில் அருகே உள்ள, தரம் தெரிந்த மீன்களோடு ஒப்பிட்டு, இரவுக்கு இரவு எண் குறிப்பது.

காமா கதிர் வெடிப்புக்கு இந்த நிதானம் உதவாது. சில பெருமீன்கள் இடிந்து கருந்துளையாகும்போது அச்சின் இரு முனைகளிலும் காமா கதிரை உமிழும் பாய்ச்சல் கிளம்புகிறது. அது நம்மை நோக்கியிருந்தால்தான் நமக்குத் தெரியும், அதுவும் பெரும்பாலும் சில வினாடிகளோ நிமிடங்களோதான். காமா கதிரைக் காற்று மண்டலம் தடுத்துவிடுவதால் செயற்கைக்கோள்தான் முதலில் காண்கிறது. 2004-இல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட், இடத்தைக் கணித்து உடனே கீழே அறிவிக்கிறது. தானியங்கித் தொலைநோக்கிகள் அத்திசைக்குத் திரும்புகின்றன.

2008 மார்ச் 19 அன்று அப்படி வந்த ஓர் ஒளி, அரை நிமிட அளவுக்கு, வெறும் கண்ணுக்கே எட்டும் பிரகாசத்தில் இருந்தது. ஏறக்குறைய ஏழரை பில்லியன் ஆண்டுப் பயணம். அது புறப்பட்டபோது நம் சூரியனே பிறக்கவில்லை. அது வந்து சேர்ந்தபோது பினாங்கில் மதியம் இரண்டேகால்.