செதுக்குப் பெயர்ப்பலகை: உளி எடுக்கும் முன் தீர்மானிக்க வேண்டியவை

கடைத் திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சான பிறகே பெயர்ப்பலகைக்கு ஆள் தேடுவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. ஃபிளெக்ஸுக்கும், ஏ.சி.பி. எனப்படும் அலுமினியக் கூட்டுத் தகட்டில் ஒட்டும் அக்ரிலிக் எழுத்துக்கும் அந்த அவகாசம் போதும். மரத்தில் கையால் செதுக்கும் பலகைக்குப் போதாது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் செதுக்குக் கூலியில்தான் பேரம் பேசுகிறார்கள். ஆனால், ஓரிரு மழைக்காலத்திலேயே கெட்டுப் பழுதுக்கு வரும் பலகைகளில் உளி வேலை தவறாக இருப்பது அபூர்வம். மரமோ, எழுத்து வரைவோ, மாட்டிய விதமோதான் தவறியிருக்கும்.

முதலில் மரம். வெயிலிலும் மழையிலும் நிற்கும் பலகைக்குத் தேக்கின் வயிரப்பகுதி, அதாவது நடுவிலுள்ள கருத்த மரம், நம்பகமானது. அதே தேக்கின் வெளிறு, அதாவது வெளிப்புறத்து வெளிர்மரம், பூஞ்சைக்கும் பூச்சிக்கும் எளிதில் இரையாகும் என்பதால், ஓரத்தில் அந்த வெளுத்த பகுதியோடு வரும் பலகையை விலை குறைவு என்று வாங்கக் கூடாது. சீசன் செய்த (உலர்த்திப் பதப்படுத்திய) மரம் என்ற வாய்வார்த்தையை நம்பாமல், ஈரப்பத மானியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கடலோர ஊர்களில் வெளியே மாட்டும் பலகைக்கு 12 முதல் 14 விழுக்காடு வரை இருந்தால் வேலையைத் தொடங்கலாம். இழைக்குக் குறுக்குவாட்டில் மரம் சுருங்கி விரிவதை எந்தப் பசையும் எந்த வண்ணமும் நிறுத்திவிட முடியாது. ஈரப்பதம் 4 விழுக்காடு மாறினால், 600 மி.மீ. அகலத் தேக்குப் பலகை ஏறத்தாழ 4 மி.மீ. வரை அசையும். இதனால்தான் ஒரே அகலப் பலகையாகத் தேடாமல், மூன்று நான்கு அங்குலப் பட்டைகளை நீர் தாங்கும் பசையால் ஒட்டிச் சேர்க்கிறோம். அப்படிச் சேர்க்கும்போது, ஒட்டுக்கோடு புள்ளியின் மீதோ மெல்லிய சுழியின் மீதோ ஓடாதபடி எழுத்து வரைவைப் பலகை மேல் வைத்துப் பார்த்துக்கொள்வது முக்கியம்.

அதிக நேரம் எடுக்க வேண்டியது எழுத்து வரைவில்தான். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம். தமிழில் இகரக் கொக்கி மேலே ஏறும், உகரமும் ழகரத்தின் வாலும் கீழே இறங்கும். ஆகவே, 'ஓரடி உயரப் பலகை' என்று சொன்னால் கண்ணுக்குப் படும் எழுத்தின் உடல் ஆறு அங்குலம்கூட இருக்காது. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்ற பழைய கணக்கைப் பகரத்தின் உயரத்துக்குப் பொருத்திப் பாருங்கள். அறுபதடி அகலச் சாலையின் மறுபுறத்திலிருந்து படிக்க வேண்டுமானால் பகரம் ஆறு அங்குலம் இருக்க வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948-இன் 15ஆம் விதிப்படி பெயர்ப்பலகையில் தமிழே முதலிலும் முதன்மையாகவும் இடம்பெற வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதம் பின்பற்றப்படுகிறது. ஆங்கிலப் பெயரைப் பெரிதாக வரைந்துவிட்டு மிச்ச இடத்தில் தமிழைத் திணிக்கும் வரைவை முதல் நாளே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

கணினியில் வரையும்போது இன்னொரு ஆபத்து உண்டு. தமிழைச் சரிவரக் கையாளாத வரைகலை மென்பொருளில் ஒகரக் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். சில சமயம் புள்ளிகளாலான வெற்று வட்டமும் சேர்ந்து வரும். தமிழ் படிக்கத் தெரியாத தொழிலாளி அதையும் பொறுப்பாகச் செதுக்கிவிடுவார். 'தேநீர்க் கடை' போன்ற பெயர்களில் ஒற்று விடுபடுவது அதைவிடச் சாதாரணம். ஃபிளெக்ஸில் பிழை வந்தால் மறு அச்சு போடலாம், மரத்தில் வந்தால் பலகையே போயிற்று. எனவே, உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, தமிழ் நன்கறிந்த ஒருவரிடம் காட்டி, அந்தத் தாளிலேயே உரிமையாளர் கையொப்பம் இட்ட பிறகே உளி எடுக்க வேண்டும்.

செதுக்கும் முறையில், கோணப் பள்ளமாக (V வடிவில்) வெட்டுவதே எழுத்துக்கு நிழலையும் ஒளியையும் கூர்மையாகத் தரும். அறுபது பாகைக் கோணத்தில் ஓர் அங்குலக் கோட்டை வெட்டினால் பள்ளம் 22 மி.மீ. இறங்கும், ஓர் அங்குலப் பலகையில் அது ஏறத்தாழ முதுகைத் தொட்டுவிடும் என்பதால், தடித்த எழுத்து கேட்பவர் ஒன்றரை அங்குலப் பலகைக்குப் பணம் கொடுக்க வேண்டும், இல்லையேல் கோணத்தை விரிக்கச் சம்மதிக்க வேண்டும். ணகரத்தின் சுழிகளுக்குள் தீவுபோல் நிற்கும் மரத்தில் இழை மிகக் குட்டையானது. கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) ஓர் அடி அதிகமாக விழுந்தாலும் அது உதிர்ந்துவிடும். அந்த இடத்தில் நடுக்கோட்டை முதலில் கீறிவிட்டு, குழி உளியைக் கைவிசையால் மட்டும் தள்ளி, இழை சாயும் திசையில் இருபுறமிருந்தும் சீவி வர வேண்டும். கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தில் வெட்டி, உப்புத்தாள் தேய்த்து, 'கை வேலை' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். இயந்திர வெட்டு குற்றமில்லை. கை வேலையின் விலையைக் கேட்பதுதான் குற்றம். தட்டையான அடித்தளம் கொண்ட புடைப்பு எழுத்தின் உள்மூலைகள் எல்லாம் ஒரே அளவில் உருண்டிருந்தால் அது சுழல் வெட்டியின் தடம்.

தெளிந்த வார்னிஷ் நம் வெயிலில் சீக்கிரம் உரியும். நிறமுள்ள பூச்சே அதிக நாள் தாங்கும். தேக்கின் எண்ணெய்ப் பசையைத் தின்னரால் துடைத்துவிட்டு முதல்பூச்சு அடிக்க வேண்டும். பலகையின் முதுகையும் இரு முனைகளையும் பூசாமல் விடுவது பெரும் தவறு, தண்ணீரை உறிஞ்சுவது அந்த முனைகள்தான். தங்க முலாம் போலத் தெரிய வேண்டுமென்று பித்தளை ரேக்கை (மிக மெல்லிய தகட்டை) ஒட்டினால் கறுத்துவிடும். அசல் தங்க ரேக்குக்குச் செலவு அதிகம், ஆனால் அதன் மேல் வார்னிஷ்கூடத் தேவையில்லை.

மாட்டும்போது சுவருக்கும் பலகைக்கும் இடையே ஓர் அங்குலம் காற்றோட்டம் விட்டு, முதுகுச் சட்டத்தில் நீள்துளையிட்டு, மரம் அசைய இடம் கொடுக்க வேண்டும். கடற்கரைப் பகுதியில் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி அவசியம். சாலைப் பக்கம் நீட்டிக்கொண்டு தொங்கும் பலகையானால், உள்ளாட்சி அமைப்பின் அனுமதியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விளக்கை நேர் எதிரே வைத்தால் பள்ளத்தின் நிழல் அழிந்து எழுத்து தட்டையாகிவிடும். மேலிருந்து சாய்வாக ஒளி விழட்டும். உண்மை அளவுத் தாளையும் வண்ண எண்களையும் செதுக்கியவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுவண்ணம் பூசப்போகும் ஆள் வேறொருவராகவே இருப்பார்.