ஹார்மோன் மாற்று சிகிச்சை: இதில் 'மாற்று' எது?

மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்குக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சைக்குக் கோலாலம்பூர் கிளினிக்குகளில் எச்.ஆர்.டி. (ஹார்மோன் ரீப்ளேஸ்மென்ட் தெரப்பி) என்று பெயர். மலாயில் 'தெராப்பி பெங்கந்தியான் ஹார்மோன்'. தமிழில் 'ஹார்மோன் மாற்று சிகிச்சை' என்று எழுதுகிறார்கள். மூன்றிலும் நம் பெண்களை அதிகம் குழப்புவது தமிழ்ப் பெயர்தான். மாற்று மருத்துவம் என்றால் நமக்குச் சித்தாவும் ஹோமியோபதியும். உறுப்பு மாற்று என்றால் அறுவை சிகிச்சை. அதனால் 'உடம்பில் இருக்கும் ஹார்மோனை எடுத்துவிட்டு வேறு வைப்பார்களா?' என்று ஒரு பெண் பயந்தால் அது அவர் தவறு இல்லை. எதையும் எடுப்பதில்லை. சுரப்பது குறைந்துபோன ஒன்றை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஹார்மோன் என்ற பெயரை 1905இல் ஆங்கிலேய உடலியலாளர் ஸ்டார்லிங் வழக்கில் கொண்டுவந்தார். தூண்டு, இயங்கச் செய் என்னும் பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து வந்தது. தமிழில் 'இயக்குநீர்' என்கிறோம், அருமையான ஆக்கம். இலங்கையில் 'ஓமோன்'. ஆனால் மருந்துக்கடையில் இயக்குநீர் என்று கேட்டால் புரியாது. அங்கே ஹார்மோன் என்றே சொல்லலாம்.

மெனோபாஸ் என்பது கிரேக்க மொழியின் 'மாதம்', 'நிற்றல்' என்ற இரு சொற்களைச் சேர்த்து 1821இல் ஒரு பிரெஞ்சு மருத்துவர் அமைத்த பெயர். பாடநூல்கள் 'மாதவிடாய் நிறுத்தம்' என்கின்றன. எனக்கு இது உறுத்துகிறது. வேலைநிறுத்தம் என்பதுபோல், நிறுத்தம் என்றால் யாரோ நிறுத்த வேண்டும். கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் அக்காமார் 'எனக்கு நின்னு போச்சு' என்கிறார்களே, அதுதான் சரியான தமிழ். தானாக நிற்கிறது. எழுதும்போது 'மாதவிடாய் முடிவு' எனலாம். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. பெரும்பாலோருக்கு 50 வயதையொட்டி வரும்.

'சூடு' என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்கு வெப்பம் ஏறி, வியர்த்து, இரவில் தலையணை நனையும். நம் வீடுகளில் உடனே 'உடம்பு சூடு' என்று பார்லித் தண்ணீரும் இளநீரும் கொடுப்பார்கள். குடிப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் இது சாப்பாட்டால் வந்த சூடு இல்லை. சினைப்பையில் சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, உடல்வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதி சிறிய ஏற்றத்தையும் பெரிதாக எடுத்துக்கொண்டு வியர்க்க வைக்கிறது. இதை 'வெப்பத் தாக்கு' என்று தனிப்பெயரால் சொன்னால், மருத்துவரிடமும் தெளிவாகச் சொல்ல வரும்.

இதைத் தணிப்பதில் ஈஸ்ட்ரோஜனுக்கு நிகரான மருந்து இல்லை. மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை, ஜெல் என்று பல வடிவங்களில் கிடைக்கிறது. பட்டையிலும் ஜெல்லிலும் ரத்தக்கட்டு (ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைவது) அபாயம் மாத்திரையைவிடக் குறைவு. கருப்பை எடுத்தவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். கருப்பை இருந்தால் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் வகை மருந்தும் சேர்ப்பார்கள். இல்லையென்றால் கருப்பையின் உள்சுவர் தடித்து, புற்றுநோய் வரைகூடப் போகலாம்.

இந்தச் சிகிச்சையால் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற பயம் பரவியது 2002இல். அமெரிக்காவில் 16,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். இரு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையை எடுத்தவர்களில், ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் என்ற அளவில் மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது. பக்கவாதமும் ரத்தக்கட்டும் கூடின. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பது செய்தியோடு வந்து சேரவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற 10 ஆண்டுக்குள் தொடங்கினால், தொல்லை அதிகமுள்ள ஆரோக்கியமான பெண்கள் பெரும்பாலோருக்கு நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவ நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, கடும் கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு போன்றவை உள்ளவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இப்போது மருத்துவர்கள் பலரே 'மாற்று' என்பதை விட்டுவிட்டு 'மாதவிடாய் முடிவுக்கால ஹார்மோன் சிகிச்சை' என்று பொருள்படும் பெயருக்குப் போய்விட்டார்கள். 50 வயதில் ஹார்மோன் குறைவது இயற்கை. ஈடுகட்டியே தீரவேண்டிய நோயல்ல. நமக்கும் அந்தப் பெயரே போதும். ஆனால் 40 வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துபோகும் பெண்களும் இருக்கிறார்கள். எலும்பையும் இதயத்தையும் காக்க, இயல்பாக நிற்கும் வயது வரையாவது அவர்களுக்கு ஹார்மோன் தேவைப்படும். அவர்கள் பெறுவதை 'ஹார்மோன் ஈட்டுச் சிகிச்சை' என்று சொல்லலாம். அங்கே ஈடு என்பது பொருந்தும்.