ஒரு பவுண்டு கூலியின் கணக்கு

ஊர்ப்பக்கம் தாது வருஷப் பஞ்சம் என்பார்களே, அது 1876–78 பஞ்சம். அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் தெம்புள்ளவர்களுக்கு மண் வெட்டவும் ஜல்லி உடைக்கவும் வேலை கொடுத்தார்கள்; முடியாதவர்களுக்குக் கஞ்சித் தொட்டி. உண்மையில் பட்டினி கிடப்பவர் யார் என்று சலித்தெடுக்க அரசு நம்பியது கூலியை. வேறு வழியில்லாதவர் மட்டுமே வரும் அளவுக்கு அது குறைவாக இருக்க வேண்டும்.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், ஒன்றரை பவுண்டு தானியத்துக்கு ஈடாக இருந்த ஆண்களின் நாள் கூலியை ஒரு பவுண்டாகக் குறைத்தார், மேற்கொண்டு கொஞ்சம் சில்லறைக் காசு. 1873–74 பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசியை இறக்கி உயிர்களைக் காத்தவரும் இவர்தான். அப்போது செலவு கூடிவிட்டதென்று மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒரு பவுண்டு அரிசி ஏறக்குறைய 450 கிராம். அதில் கிடைப்பது சுமார் 1,600 கலோரி, 30 கிராம் புரதம். 45 கிலோ எடையுள்ள ஆண் சும்மா படுத்திருந்தாலே நாளுக்கு 1,300 கலோரிக்கு மேல் செலவாகும். மீதி 300. கடப்பாரை, மண்வெட்டி வேலை அதை ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடும். அந்தச் சில்லறை உப்பு, மிளகாய், விறகுக்கே போய்விடும். பருப்புக்கு எங்கே போவது? மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டது இதற்காகத்தான்.

பற்றாக்குறையை உடம்பு முதலில் கொழுப்பிலிருந்தும் பிறகு தசையிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். தசை கரைந்தால் வெட்டும் மண் குறையும். குறைந்தால் கூலியில் பிடித்தம், அதனால் சாப்பாடு இன்னும் குறையும். கடைசியில் அவரும் கஞ்சித் தொட்டிக்குத்தான் வருவார். கூட்டம் நெரியும் முகாமில் காலராவும் வயிற்றுப்போக்கும் காத்திருக்கும். மெலிந்த குடலில் உணவு சரியாக ஒட்டாது. செத்தவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது பட்டினியோடு சேர்ந்த நோய். 1877 மே மாதம் மெட்ராஸ் அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் பலர் வேலைக்கே ஆகாமல் போயிருந்தார்கள்.

1880 பஞ்ச ஆணையத்துக்குப் பின் வந்த பஞ்ச விதிகளில் ஆண் கூலி மீண்டும் ஒன்றரை பவுண்டு அளவுக்குத் திரும்பியது. ரொக்கத் தொகை சந்தை விலையோடு ஏறி இறங்க வேண்டும் என்றும் வைத்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: மழை பொய்த்தது, தானிய விலை ஏறியது, ஜனங்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள், திருட்டு கூடியது என்ற அறிகுறிகள் தெரிந்ததுமே சோதனை வேலைகளை, அதாவது ஆட்கள் வருகிறார்களா என்று அறியத் தொடங்கும் வேலைகளை, திறந்து பார்க்கச் சொன்னது. தசை கரைவதற்கு முன்னால் ஆட்கள் வந்தால்தான் கூலி வேலை நிவாரணமாகப் பயன்படும்.